அந்த மத்ரஸா ஆசிரியரை நாம் எந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ப்பது?



இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் எமது வட்ஸ்அப் குழுக்களில் கிரிக்கெட் மெட்ச் தொடங்கிவிடுகிறது. எத்தனை விமானம் விழுந்தது, யார் யாருக்குப் பாடம் படிப்பித்தது என்று ஸ்கோர் போடுகிறோம். 2025 மே மாதம் வீடியோ கேம் காட்சிகளைக்கூட உண்மையான தாக்குதல் என்று நம்பிப் பகிர்ந்தோம். அப்படிப் பகிர்ந்தவர்களில் ஆசிரியர்களாகிய நாமும் இருந்தோம். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த நாட்களில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். ஏப்ரல் 22ஆம் திகதி காஷ்மீரின் பஹல்காமில் துப்பாக்கிதாரிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலானோர் சுற்றுலா வந்த இந்துக்கள். மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட குதிரைக்காரர் ஒரு முஸ்லிம். மே 7ஆம் திகதி அதிகாலை இந்தியா பாகிஸ்தானுக்குள் ஏவுகணைகளை ஏவியது. பாகிஸ்தான் எல்லைக் கோட்டுக்கு இப்பால் ஷெல்லடித்தது. மே 10இல் போர்நிறுத்தம் வந்தது. இரண்டு நாடுகளும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன.

எல்லைக் கோட்டை ஒட்டி, இந்தியாவின் பக்கம் இருக்கும் ஊர் பூஞ்ச். 1947-48 யுத்தத்தின் பின் அந்தப் பிரதேசமே இரண்டாக வெட்டுப்பட்டது. உறவுகள் அங்கும் இங்குமாகப் பிரிந்தன. மே 7ஆம் திகதி அந்த ஊரில் ஷெல் விழுந்து 12 வயது இரட்டைப் பிள்ளைகள் மௌத்தானார்கள். சீக்கியர்களும் இறந்தார்கள். ஒரு மத்ரஸா ஆசிரியரும் இறந்தார். அவரைக் கொன்றது பாகிஸ்தானின் ஷெல். அவர் இறந்த பிறகு அவரைப் பயங்கரவாதி என்று சொன்னவை இந்தியாவின் சில தொலைக்காட்சிகள். அது பொய் என்று பொலிஸாரே அறிவிக்க வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், இந்த ஆசிரியர் எந்த அணி?

“முஸ்லிம் நாடு, அதனால் ஆதரிக்கிறோம், அதில் என்ன பிழை?” என்று கேட்கும் தம்பிமாருக்கு ஒரு விடயம். இந்தியாவில் சுமார் 20 கோடி முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். 2016இல் சியாச்சின் பனிமலையில் பனிச்சரிவில் புதைந்து இறந்த பத்து இந்தியச் சிப்பாய்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஒரு முஸ்லிமும் இருந்தார். அதற்கு நான்கு வருடம் முன்பு, 2012இல், அதே பகுதியில் பாகிஸ்தான் முகாமொன்றின் மீது பனி சரிந்து 140 பேர் புதைந்தார்கள். புல்லும் முளைக்காத அந்த உயரத்தில் 1984இலிருந்து இரு படைகளும் எதிரெதிரே நிற்கின்றன. குண்டுக்குப் பலியானவர்களை விடக் குளிருக்கும் பனிக்கும் பலியானவர்களே அங்கு அதிகம். இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள். இரண்டு பக்கமும் பாடசாலைக் கதவைத் தாண்டாத பிள்ளைகள் இலட்சக்கணக்கில்.

கிரிக்கெட்டில் எந்த அணியை விரும்பினாலும் அது அவரவர் இஷ்டம். யுத்தத்தில் அப்படி விரும்ப எமக்கு வாய் வரக்கூடாது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் எமது மக்கள். எமது யுத்தத்தையும் தூரத்திலிருந்து சிலர் வெற்றி தோல்விக் கணக்காகத்தான் பார்த்தார்கள். அது எவ்வளவு வலித்தது என்று உம்மா வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னால் “பயந்தாங்கொள்ளி” என்பார்கள், “இந்தியாவின் ஆள்” என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். பஹல்காமில் நடந்தது கொலை. பூஞ்சில் நடந்ததும் கொலை. பாகிஸ்தான் பக்கத்தில் சிறுவர்கள் இறந்ததாக அந்த அரசு அறிவித்ததே, அதுவும் கொலைதான். மூன்றையும் ஒரே வாயால் சொல்ல முடியாவிட்டால் நாம் பேசுவது நீதி அல்ல.

அடுத்த தடவை பதற்றம் வரும்போது ஒன்று செய்வோம். வீடியோவை அனுப்புவதற்கு முன்னால் அது எங்கே, எப்போது எடுத்தது என்று பார்ப்போம். தெரியாவிட்டால் அனுப்பாமல் விடுவோம். எமது வகுப்பறையில் பிள்ளைகள் “சேர், யார் வென்றது?” என்று கேட்டால், பூஞ்சின் அந்த ஆசிரியரைப் பற்றிச் சொல்லிக்கொடுப்போம்.

கோட்டின் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.