மஞ்சள் தாளும் எங்கள் நோட்டும்

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கும் என்பதை எங்கள் பாட்டிமார் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தில் சிவக்கும். இதைத்தான் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சென்ற பருவத்தில் செய்து பார்த்தோம்.

மஞ்சள் தூளை நீரில் குழைத்து, வடிதாளில் தடவி உலர்த்தினோம். அவரவர் வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம், புளி, சுண்ணாம்பு, சோப்பு, ஆப்ப சோடா எல்லாம் வந்து சேர்ந்தன. (ஒருத்தி ரசமே கொண்டு வந்தாள், அது சோதனைக்கு மிஞ்சவில்லை!) எலுமிச்சையும் புளியும் தாளின் நிறத்தை மாற்றவில்லை. சுண்ணாம்பு நீரும் சோப்பு நீரும் பட்ட இடம் செக்கச் சிவந்தது. ஆப்ப சோடாக் கரைசலோ எங்களை ஏமாற்றிவிட்டது. மங்கிய ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிட்டது.

ஆனால் அன்று மாலை எங்கள் ரிக்கார்டு நோட்டுகளில் என்ன இருந்தது தெரியுமா? "ஆப்ப சோடா, காரம், சிவப்பு." புத்தகம் சிவக்கும் என்கிறபோது சிவக்கவில்லை என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமே என்ற பயம்தான். "சரியாகச் சிவக்கவில்லை" என்று எழுதிய ஒரே தோழியைப் பார்த்து நாங்கள் சிரிக்கவும் செய்தோம்.

அவள் நோட்டைத்தான் சிஸ்டர் முதலில் கையில் எடுத்தார்கள். "ஏன் சிவக்கவில்லை?" என்று கேட்டார்கள். எவருக்கும் தெரியவில்லை. உடனே ஆப்ப சோடாவை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறவைத்து, நீரில் கரைக்கச் சொன்னார்கள். இம்முறை தாள் பளிச்சென்று சிவந்தது! ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், வலுக்குறைந்த காரம். சூடேறும்போது அதிலிருந்து கரியமில வாயுவும் நீராவியும் வெளியேற, வலுமிக்க சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. துணி வெளுக்கும் சலவைச் சோடாவும் அதுதான்.

எல்லாருமே "சிவப்பு" என்று எழுதியிருந்தால் இது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும் அல்லவா? ஆகவே, செய்முறைக்கு மதிப்பெண் கொடுப்பவர்கள் புத்தகத்திலுள்ள விடைக்கன்றி, மாணவி கண்டதற்கே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெற்றோரும் "சரியாக வந்ததா?" என்று கேட்பதை விட்டு, "என்ன வந்தது?" என்று கேட்கலாம்.

நோட்டில் "சிவப்பு" என்பதை நாங்கள் ரப்பரால் அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு கிழித்து, கண்டதைக் கீழே எழுதியிருக்கிறோம். அந்தப் பக்கம் பார்க்க அழகாக இல்லைதான். வீட்டில் கேட்டால் காரணம் சொல்லுவோம்.