நீர்காத்த அய்யனாருக்குப் பாலித்தீன் படையலா?

"காலங்காலமா நாங்க போய்ட்டு வர்ற கோயில், தடுக்க இவங்க யாரு?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். செக்போஸ்டில் வனத்துறை பையைத் திறந்து பார்த்தால் பாரம்பரியத்துக்கே ஆபத்தாம்!

சரிங்க, பாரம்பரியத்தையே பேசுவோம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற சாமியோட பேரு என்ன? நீர்காத்த அய்யனார். நம்ம பூட்டன் வேலையத்துப் போயா அந்தப் பேரை வச்சான்? ஆறு மலையை விட்டு இறங்குற இடத்தில் காவலுக்கு ஆள் உட்கார வைத்தான் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ஊருக்குக் குடிநீராக வருது. நாம என்ன பண்றோம்? பொங்கல் வைக்கிறோம், கிடா வெட்டுறோம், ஆத்துல ஷாம்பு பாக்கெட்டைக் கிழிச்சுக் குளிக்கிறோம். தட்டு, டம்ளர், கவர் எல்லாத்தையும் அங்கேயே போட்டுட்டு வண்டி ஏறுறோம். ஊருக்கு வந்ததும் குழாய்த் தண்ணி சரியில்லைன்னு நகராட்சிக்குத் திட்டு!

இந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. "அணிலுக்கெல்லாம் ஒரு காடா?" என்று நக்கலடிப்பவர்கள் செண்பகத்தோப்பில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. வாலோடு சேர்த்து இரண்டடி தாண்டும் அந்த ஜீவனுக்குக் கிளைதான் ரோடு. நடுவில் நாலு மரம் போனால் ரோடு கட். அது தாவுகிற மாதிரி மரங்கள் நெருங்கி நிற்கிற காட்டில்தான் மழைத்தண்ணியும் நின்று ஊறி, ஓடையாகி, நம்ம கண்மாய்க்கு வரும்.

சதுரகிரிக்கு மழை நாளில் ஏறவிடலைன்னு சண்டை போடுறவங்களுக்கு 2015 மே மாதம் ஞாபகம் இருக்கா? திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் செத்தாங்க.

வனத்துறை மட்டும் உத்தமமா என்றால் இல்லை. பாட்டிலைப் பிடுங்கினால் போதுமா, வழியில் குடிக்கத் தண்ணி வைக்க வேண்டாமா? இன்னொன்று, காட்டுப் பாரம்பரியம் பேச முதல் உரிமை அடிவாரத்துப் பளியர்களுக்குத்தான். கார்ல வந்து இறங்குற நமக்கு இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதுசாக இலையில் செய்கிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. மறுநாள் வாடி மண்ணோடு போகும். பாரம்பரியம்னா இது!

அடுத்த கிடா வெட்டுக்குக் கூப்பிடுகிற சொந்தக்காரங்க கவனத்துக்கு: வாழை இலை, எவர்சில்வர் டம்ளர் என்றால் முதல் பந்தியிலேயே நான் ஆஜர். பாலித்தீன் பந்தி என்றால் ஆளை விடுங்க சாமி.