பத்தாம் வகுப்பும் பாஸ்போர்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீட்டு விசேஷங்களில் "பையன் வெளிநாட்டில் இருக்கிறான்" என்று சொன்னால், அடுத்த கேள்வி நாட்டைப் பொறுத்து மாறும். அமெரிக்கா என்றால் "எந்தக் கம்பெனி?" குவைத் என்றால் "மாசம் எவ்வளவு அனுப்புறான்?" இரண்டு பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருப்பார்கள். இந்த வித்தியாசமெல்லாம் போன இடத்தில் உண்டாவது என்றுதான் பேசிக்கொள்கிறோம். என் கட்சி வேறு. முதல் கோட்டைப் போடுவது நம் நாடு. அதுவும் நாங்கள் சிவப்பு மையில் திருத்திய பத்தாம் வகுப்பு விடைத்தாளை வைத்து.

சென்னைவாசிகளுக்கு ஈசிஆர் என்றால் மகாபலிபுரம் போகும் ரோடு. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கேட்டால் பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை என்பார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி தனியாக அனுமதி வாங்க வேண்டும். பட்டதாரிக்கு வேண்டாம். வருமான வரி கட்டுபவருக்கும் வேண்டாம்.

நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடும் உண்டு. ஆனால் நடப்பது என்ன? அலைச்சலுக்குப் பயந்தும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டும் விசிட் விசாவில் ஏறிவிடுகிறார்கள். விசா முடிந்த மறுநாள் முதல் அங்கே அவன் சட்டவிரோத ஆள். சம்பளம் வராவிட்டாலும் போலீசுக்குப் போக முடியாது. ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். உங்கள் தெருவில் அந்தத் தொகையோடு யாருக்காவது காரியம் முடிந்ததா, சொல்லுங்கள். பாதுகாப்பு என்கிற பெயரில் சுமை முழுவதும் தொழிலாளி தலையில். ஆள் எடுக்கும் முதலாளியையும் ஏஜென்டையும் அதே கண்டிப்போடு சோதித்தால் முத்திரைக்கே வேலை இருக்காது.

2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் என்று அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். நிறம் வரவில்லை, பிரிவினை அப்படியே இருக்கிறது.

அடுத்தது கூலி. வளைகுடாவில் ஒரே வீட்டு வேலைக்குப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு ஒரு சம்பளம், நம் ஊர்ப் பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கை வேகத்தில் வித்தியாசம் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு 2006லேயே, வீட்டு வேலைக்குப் போகும் தன் பெண்களுக்கு 400 டாலருக்குக் குறையக் கூடாது என்று முடிவெடுத்தது. நம் அரசோ 2020 செப்டம்பரில் வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்களின் குறைந்தபட்சப் பரிந்துரைக் கூலியைத் தானே குறைத்தது. இல்லாவிட்டால் வேலை வேறு நாட்டவருக்குப் போய்விடுமாம். வழக்கும் கண்டனமும் வந்த பிறகு 2021இல்தான் பழையபடி ஆக்கினார்கள். ஏழை நாடுகள் ஒன்றுக்கொன்று விலையைக் குறைத்துக் கூவினால் லாபம் யாருக்கு? சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும்.

நாட்டைப் பார்க்காமல் கூலி வைக்க முடியாதா என்றால், முடியும். கத்தார் 2021 மார்ச் முதல் எந்த நாட்டவராக இருந்தாலும், வீட்டு வேலையாக இருந்தாலும், அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் என்று சட்டம் வைத்திருக்கிறது. போதாத தொகைதான். ஆனாலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்ட தொகை இல்லை.

குறைந்த கூலியோடு போவதில்லை விஷயம். அமீரகத்தில் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், இல்லையென்றால் 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். அதற்குக் கீழே வாங்குபவன் பிள்ளை வளர்வதை வீடியோ காலில் பார்க்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்காது. கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறீர்கள். பிறந்த இடத்தை வைத்து மனிதனை நிறுத்துவது உங்களுக்கு அநியாயம் என்றால், குவைத்தில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழனுக்கும் அநியாயம்தான். நம் வாட்ஸ்அப் குழுவில் அவன் வாயே திறப்பதில்லை, கவனித்தீர்களா? நீங்களாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தும், விண்ணப்பத்தோடு சான்றிதழ் வைக்காததால் முத்திரையோடு சுற்றுகிறவர்கள் உண்டு. மதிப்பெண் பட்டியலை வைத்து மறுபடி விண்ணப்பித்தால் எடுத்துவிடுவார்கள். பாஸ் ஆகாதவர்கள் தனித்தேர்வராக எழுதலாம், வயது ஒரு தடையில்லை. சமூக அறிவியலுக்கு நான் இருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கணக்குக்கு மட்டும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.