பழகிப்போவது உடம்பா, கிருமியா?

கல்ச்சர் டெஸ்ட் முடிவில், கொடுத்துவந்த ஆன்டிபயாடிக் எதற்கும் கிருமி அடங்கவில்லை என்று வந்தால், "மாத்திரை போட்டுப் போட்டு உடம்பு பழகிடுச்சு" என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் வேரோடிவிட்ட இந்த விளக்கம் அடிப்படையிலேயே பிழையானது.

அந்த டெஸ்ட் செய்யப்படும் விதமே இதற்கு முதல் மறுப்பு. சிறுநீரிலோ இரத்தத்திலோ சளியிலோ இருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை ஒரு தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த சிறு வில்லைகளை மேலே வைக்கிறார்கள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். எதிர்ப்பாற்றல் உள்ள கிருமி என்றால் வட்டம் சுருங்கும், அல்லது விழவே விழாது. தட்டில் இருப்பது கிருமியும் மருந்தும்தான். பழகிப்போக அங்கே உடம்பே இல்லை.

"நான் மாத்திரையே தொடுவதில்லை, எனக்கு வராது" என்பது இதன் கிளை நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆன்டிபயாடிக் எளிதில் சாகும் பாக்டீரியாவைக் கொன்று, சாகாததற்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அப்படிப் பெருகிய கிருமி ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைக் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு இதைத் துயரத்தோடு காட்டுகிறது. இரத்தத் தொற்றுக்கு ஆளான அந்தச் சிசுக்களிடம் அதிகம் கண்டறியப்பட்டது அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. அதில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதது. தொற்றுகளில் பெரும்பகுதி பிறந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தது. மூன்று நாள் குழந்தையின் உடம்பு எந்த மாத்திரைக்குப் பழகியிருக்க முடியும்? கழுவாத கை, சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர், கட்டில் கம்பி என்று கிருமிக்கு வழிகள் பல. அசினெட்டோபாக்டர் உலர்ந்த பரப்பிலும் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். போதாததற்கு, பிளாஸ்மிட் எனப்படும் மரபணு வளையம் வழியாக ஒரு வகை பாக்டீரியா தன் எதிர்ப்பாற்றலை வேறொரு வகைக்கும் கடத்திவிடும்.

கொஞ்ச காலம் மருந்தை நிறுத்தினால் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதும் உறுதியில்லை. குடலில் குடியேறிய எதிர்ப்புக் கிருமி மாதக்கணக்கில் அங்கேயே தங்கக்கூடும்.

"இன்னும் பவரான மருந்து கொடுங்கள்" என்ற வேண்டுகோளும் அதே பிழையிலிருந்து பிறப்பதுதான். பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் 1940இலேயே, அந்த மருந்து பரவலாகப் புழங்குவதற்கு முன்பே, பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. அந்த நொதியத்தைச் சமாளிக்க வந்த மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961இல் பிரிட்டனில் அறிவிக்கப்பட்டது. இம்முறை கிருமி, மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. கடைசிக்கட்டக் காவலாக வைக்கப்பட்ட கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களும் இன்று பரவிவிட்டன. அதற்குப் பின் கைகொடுக்கும் கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. "பவர்" என்பது ஏறிக்கொண்டே போகும் ஏணி இல்லை. அந்தக் கிருமியிடம் எந்த மருந்து செல்லும் என்பதே கேள்வி. அவசர நிலையில் உயிர்காக்க முதல் ஊசியை உடனே போட வேண்டியிருக்கும். முடிந்தவரை அதற்குமுன் கல்ச்சருக்கு மாதிரி எடுத்துவிடுவதும், முடிவு வந்ததும் பொருத்தமான மருந்துக்கு மாறுவதும் இதனால்தான்.

பிரச்சினை உடம்பில் இல்லை என்பதற்கு நெதர்லாந்தும் ஓர் எடுத்துக்காட்டு. பிறர் உடம்புக்கு இல்லாத தனிச்சிறப்பு எதுவும் அந்நாட்டவர் உடம்புக்கு இல்லை. அங்கே ஆன்டிபயாடிக்கைக் குறைவாக எழுதுகிறார்கள். எதிர்ப்புக் கிருமி இருக்க வாய்ப்புள்ளவரை மருத்துவமனையில் சேர்க்கும்போதே சோதித்து, தனி அறையில் வைக்கிறார்கள். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் மிகக் குறைவாக உள்ள நாடுகளில் அது ஒன்று.