புகுந்த நாடு

பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று என்பார்கள். புகுந்த நாட்டையே தன் நாடாகக் கொண்டு, அதற்குப் பெருமை தேடித் தந்த ஒரு மாதரசியைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் லினா போ பார்டி. கட்டடக் கலை நிபுணர்.

1914-ம் வருஷம் ரோமாபுரியில் பிறந்த லினா, 1939-ல் அங்கேயே கட்டடக் கலையில் பட்டம் பெற்று, மிலான் நகரில் தொழில் நடத்தலானார். அதுவோ யுத்த காலம். கட்டுவோரைவிட இடிப்போருக்கே வேலை மிகுந்திருந்தது. 1943-ல் விழுந்த குண்டுகளுக்கு அவருடைய காரியாலயமும் இரையாயிற்று. 1946-ல் கலை விமரிசகர் பியெட்ரோ மரியா பார்டியை மணந்தார். அவ்வருஷமே தம்பதிகள் கப்பலேறிப் பிரேஸில் தேசம் சேர்ந்தனர். 1951-ல் லினா அந்நாட்டுப் பிரஜையானார். பிறந்த நாடு தானாக வாய்ப்பது. பிரேஸிலோ தாம் விரும்பித் தேர்ந்தது. ஆகையால் அது இருமடங்கு தம் நாடு என்பது அவர் கொள்கை.

அயல்நாட்டில் கற்றுவந்தவர்கள் உள்ளூர்க் கைவேலையை இகழ்வது உலக வழக்கம். லினா அவ்வாறு செய்யவில்லை. 1958-ல் பாஹியா மாகாணத்துக்குச் சென்றவர், ஏழைகள் பழைய தகரத்திலும் கந்தலிலும் செய்த பண்டங்களை ஆசையுடன் சேகரித்தார். அங்கே ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்தபோது, மாட்டுவண்டிக்காரர் மரத்தை இணைக்கும் முறையைப் பின்பற்றி அழகியதொரு மரப்படிக்கட்டு அமைத்தார். 1964-ல் ராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அப்பணி தடைப்பட்டது.

ஸாவோ பாவுலோ நகரில் 1968-ல் திறக்கப்பெற்ற கலைக் காட்சிசாலையே அவருடைய கீர்த்தி ஸ்தம்பம். கட்டடம் எழுந்த இடம், பள்ளத்தாக்கின் காட்சியை ஜனங்கள் கண்டு களித்த மேடை. அக்காட்சி மறையலாகாது என்பது நிபந்தனை. லினா என்ன செய்தார்? நான்கு தூண்களை நிறுத்தி, சுமார் 70 மீட்டர் இடைவெளியைத் தாண்டிக் கட்டடத்தையே அந்தரத்தில் தூக்கி வைத்துவிட்டார்! அடியில் நிழலுள்ள திறந்த வெளி பொதுஜனங்களுக்கு மிஞ்சியது. சந்தையும் சங்கீதமும் கண்டனக் கூட்டமும் அங்கே நடைபெற்று வந்திருக்கின்றன.

1977-ல் அதே நகரில் பாழடைந்த ஒரு பீப்பாய்த் தொழிற்சாலையைப் பொழுதுபோக்கு நிலையமாக மாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. விடுமுறை நாளில் சென்று பார்த்தார். ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகள் பந்து விளையாட, தாய்மார்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சந்தோஷம் இப்படியே இருக்கட்டும் என்று தீர்மானித்து, பழைய கொட்டகைகளை இடிக்காமலே 1982-ல் நிலையத்தைத் திறக்கச் செய்தார்.

1992-ல் லினா காலமானார். வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியார் வாழ்நாள் சேவைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு அளித்தது 2021-ல்! விருது தாமதித்து வந்ததில் அந்த அம்மைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் விட்டுவைத்த நிழலில் ஜனங்கள் முன்னமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தேசத்துக்கு உரியவர் யார் என்ற கேள்விக்குப் பிறப்புப் பத்திரத்தைக் காட்டுவது ஒரு பதில். இப்படி ஒரு நிழலைக் காட்டுவது மற்றொரு பதில்.