மாலை ஆறு மணிக்கு ஒரு விலை

2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நெருங்கிய நேரத்தில், இலங்கை மின்சார சபை மக்களிடம் ஒரு விசித்திரமான வேண்டுகோளை வைத்தது. கூரையில் சோலார் போட்டிருப்பவர்கள் பண்டிகை நாட்களில் பிற்பகல் மூன்று மணி வரை அதை அணைத்து வைக்க வேண்டும் என்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எரிபொருள் வாங்கக் காசில்லாமல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டில் கிடந்த நாடு அது. இப்போது கரண்ட் மிஞ்சிப்போய்விட்டது என்கிறது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடந்ததால் பகல் தேவை சரிந்தது. வெயில் மட்டும் வழக்கம்போல் அடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. ஆனால், தேவை குறைந்த அந்தப் பகலில் சோலாரின் பங்கு மிகுந்திருந்ததால் மின்கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது என்பதும் அன்று சொல்லப்பட்ட விளக்கத்தில் இருந்தது. மதியம் அணைத்து வைக்கச் சொல்லும் நிலைமையும் மாலை இருட்டியதும் எண்ணெயை எரிக்க வேண்டிய நிலைமையும் ஒரே நாளுக்குள் அடங்கியிருப்பதுதான் இதில் பாடம்.

தமிழ்நாடு இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. 2024 மே 2ஆம் தேதி நம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவு பெரிய வயிறு எவ்வளவு பகல் மின்சாரத்தையும் செரித்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் காற்றாலைப் பருவத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்ற புகார் இங்கே பழையது. நாமும் அந்தப் பாதையில்தான் நடக்கிறோம். ஒரு கோடி வீடுகளுக்கு மொட்டைமாடி சோலார் என்ற இலக்கோடு 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். ஆனால் இந்த மானியம் பேனலின் கிலோவாட்டை மட்டுமே எண்ணுகிறது. பேட்டரிக்குத் தனியாக எதுவும் இல்லை. வரியும் அப்படியே. 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது; பேட்டரிக்கு 18 சதவீதம். மின்சாரம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம், எப்போது என்று கேட்பதில்லை. அந்த ‘எப்போது’வுக்கு ஒரு விலை வைக்காதவரை வீட்டு பேட்டரி வசதி படைத்தவர்களின் அலங்காரமாகவே இருக்கும், விலை வைத்துவிட்டால் அது ஊருக்கே உதவும் சின்ன மின்நிலையமாகும் என்பதே என் வாதம்.

ஒரு வீட்டின் மீட்டரைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் நடுத்தர வீடு. 2024இல் அறிவித்த கட்டணப்படி ஏறக்குறைய 6,000 ரூபாய் பில் வரும். மொட்டைமாடியில் 3 கிலோவாட் போட்டால், நம் வெயிலில் கிலோவாட்டுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் என்ற கணக்கில், இரண்டு மாதத்தில் 720 யூனிட் கிடைக்கும். நெட் மீட்டர் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துவிட்டு மிச்சம் 180 யூனிட் என்று காட்டும். அதில் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். மின்கட்டணம் என்று பார்த்தால், இணைப்புக்கான இதரக் கட்டணங்கள் நீங்கலாக, 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வீட்டுக்காரருக்கு இது கைமேல் பலன். ஆனால் அந்த வீடு 180 யூனிட் வீடாக மாறிவிடவில்லை. ஒரு நாளைக்கு ஓடும் 15 யூனிட்டில் பத்து யூனிட், ஆட்கள் வேலை முடிந்து திரும்பி, விளக்கும் டிவியும் ஏசியும் போட்ட பிறகுதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு மேல் அது பழையபடி 900 யூனிட் வீடுதான். கழித்தல் கணக்கு தெரிந்த மீட்டருக்கு மணி பார்க்கத் தெரியவில்லை.

மின்சாரச் சந்தைக்கு மணி பார்க்கத் தெரியும். மாநில மின்வாரியங்கள் பற்றாக்குறைக்கு வாங்கும் மின்சந்தையில், நாடு முழுவதும் சோலார் பெருகிய இந்த ஆண்டுகளில், நண்பகல் யூனிட் பல நாட்களில் மூன்று ரூபாய்க்கும் கீழே கிடக்கிறது. கோடை மாலைகளிலோ, ஒழுங்குமுறை ஆணையம் விதித்த உச்சவரம்பான பத்து ரூபாயில் போய் முட்டுகிறது. வரம்பு இல்லையென்றால் இன்னும் மேலே போகும். வீட்டுக்காரர் மதியம் தரும் மூன்று ரூபாய்ச் சரக்குக்கு மாலையில் பத்து ரூபாய்ச் சரக்கைச் சரிக்குச் சரியாகத் திருப்பிக் கொடுக்கிறது மின்வாரியம். நடுவில் விழும் பள்ளத்தைச் சோலார் போட வழியில்லாத வாடகை வீட்டுக்காரரும், சிறு கடைக்காரரும், கடைசியில் அரசின் கஜானாவும் நிரப்புகிறார்கள். பெரிய ஆலைகளுக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் கூடுதல் கட்டணம் என்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். 2023இல் திருத்தப்பட்ட மத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு, விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கும் நேரத்துக்குத் தக்க கட்டணம் வர வேண்டும் என்கின்றன. கொள்கை அளவில் ஒத்துக்கொண்ட ஒன்றை வீட்டு வாசலில் மட்டும் மறந்திருக்கிறோம்.

சரி, பேட்டரி என்ன செய்யும்? சோலார் போட்ட பலர் முதல் பவர் கட்டில்தான் ஒரு உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள்: கரண்ட் போனால் சோலாரும் போய்விடும். மேலே வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் நின்றிருக்கும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய ஊழியர் மீது வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தால் வீட்டை வெளிக்கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்டலாம். அதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. 35 வாட் பிஎல்டிசி ஃபேன் மூன்று, 9 வாட் எல்இடி விளக்கு ஐந்து, ஒரு டிவி, ஒரு வைஃபை பெட்டி — எல்லாம் சேர்ந்து 250 வாட்டுக்குள்தான். மாலை ஆறிலிருந்து பத்து வரை விடாமல் ஓடினாலும் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜையும் மிக்சியையும் சேர்த்தால் இரண்டு யூனிட் என்று தாராளமாக வைக்கலாம். ஏசிதான் கணக்கைக் கெடுப்பது. ஒன்றரை டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் அதற்கு மட்டுமே ஆறேழு யூனிட் போய்விடும். ஆகவே, வீட்டில் ஓடும் எல்லாவற்றையும் பேட்டரியில் ஏற்றப் பார்ப்பவர் வீண்செலவு செய்கிறார். மாலை நேரத்தை மட்டும் சுமக்கச் சொன்னால் ஐந்து யூனிட் பேட்டரி வீட்டுக்கும் போதும், கொஞ்சம் ஊருக்கும் கொடுக்கும்.

இவ்வளவு நன்மை இருந்தும் மக்கள் ஏன் வாங்குவதில்லை? அவர்களுக்குக் கணக்கு தெரியும் என்பதுதான் காரணம். ஐந்து யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு லட்சம் ரூபாய் என்றும், அதில் தினமும் நாலரை யூனிட் பயன்படுத்துகிறோம் என்றும், பத்து ஆண்டு ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 16,425 யூனிட். ஒரு யூனிட்டை மதியத்திலிருந்து மாலைக்குத் தூக்கி வைக்க ஆறு ரூபாய் கூலி. அதே வேலையை நெட் மீட்டர் காகிதத்தில் இலவசமாகச் செய்து கொடுக்கும்போது, ஒரு லட்சத்தை யார் சுவரில் மாட்டுவார்? வீட்டுக்காரரின் முடிவு சரியானது. அவருக்கு முன்னால் வைத்திருக்கும் விலைதான் தவறானது. சந்தையில் மதியத்துக்கும் கோடை மாலைக்கும் உள்ள வித்தியாசம் ஏழு ரூபாய் வரை போகிறது. ஆறு ரூபாய்க் கூலி கொடுத்து ஏழு ரூபாய்ப் பள்ளத்தைக் கடப்பது லாபம்தான். எல்லா நாளும் அந்த வித்தியாசம் இருக்காது என்பது உண்மை. மழைக்காலத்தில் அது சுருங்கும். அந்த இடைவெளிக்குத்தான் அரசின் கை கொஞ்சம் தேவைப்படுகிறது.

‘மாடி வீட்டுக்காரருக்கு எதற்கு இன்னொரு மானியம்?’ என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. சொந்தமாக மொட்டைமாடி வைத்திருப்பதே இங்கே ஒரு வசதிதான். பேட்டரி வாங்கும்போதே மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுத்தால் அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகிவிடும். அப்படி வாங்கிய பேட்டரி பவர் கட்டுக்காகக் காத்துக்கொண்டு மூலையில் தூங்கும். ஆகவே பேட்டரிக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி, மாலை ஆறு முதல் பத்துக்குள் அது தந்த யூனிட்டுக்கு இவ்வளவு என்று வேலை பார்த்த பிறகே தரப்பட வேண்டும். மதியம் தந்த யூனிட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று. மாலையில் தந்த யூனிட்டுக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று மீட்டரில் வரவு வைக்கலாம். சோலார் வைத்தவர் மாலையில் வெளியிலிருந்து எடுத்தால் அதே விகிதத்தில் பற்று. இந்த நேரக் கணக்கு சோலார் வீடுகளோடு நிற்கட்டும். மாதம் நூறு யூனிட்டில் குடும்பம் நடத்துபவரைத் தொட வேண்டாம். இன்றைய ஏற்பாட்டில் அந்த ஏழைக் குடும்பமும் மாடி வீட்டின் மாலைச் செலவைச் சுமக்கிறது. நாளைய ஏற்பாட்டில் அந்தச் சுமை இறங்கும்.

இன்னொரு மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வரும். வீடு வீடாகச் சின்னச் சின்ன பேட்டரி எதற்கு, துணைமின்நிலையத்தில் ஒரே பெரிய பேட்டரி வைத்தால் மலிவாயிற்றே என்பார்கள். மலிவுதான், வைக்கத்தான் வேண்டும். மேலும், மின்சாரத்தைத் தேக்கி வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம், மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 1980களிலிருந்து இதே வேலையைச் செய்கிறது. நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட் வருகிறது. ஆனால் மலையில் தேக்கிய மின்சாரமும், சென்னைத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஏசிகள் பெருகிய தெருவில் மே மாத இரவில் வெடிப்பது அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். அதன் பாரத்தைக் குறைக்க வல்லது, அதற்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் இருக்கும் பேட்டரி மட்டுமே. புயலும் இதையே சொல்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் எவ்வளவு பெரிய மின்நிலையம் இருந்தும் பயனில்லை. ஊராட்சிக் கட்டிடத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளியிலும் பேட்டரியோடு சோலார் இருந்திருந்தால் செல்போன் உயிர் பெற்றிருக்கும், தடுப்பூசி குளிரில் இருந்திருக்கும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும். தனியார் மாடிக்கு முன்பு அரசு கவனிக்க வேண்டிய கூரைகள் இவை.

தீப்பிடிக்காதா, குப்பையாகாதா என்ற அச்சத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகள் இன்வெர்ட்டரையும் ஈய பேட்டரியையும் வாங்கிக் குவித்தன. மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டிய, ஆசிட் கசியும் 150 ஆம்பியர்-மணி டப்பாக்கள் அவை. எழுத்தில் 1.8 யூனிட், நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அவற்றைச் சார்ஜ் செய்ததும் பற்றாக்குறையில் தவித்த அதே மின்சாரத்தைக் கொண்டுதான். கரண்ட் வந்த மறு நொடி ஊரிலுள்ள இன்வெர்ட்டர்கள் ஒன்றாக உறிஞ்சின. ஆக, பேட்டரியை நாம் ஏற்கெனவே சொந்தக் காசில், திட்டமில்லாமல், மோசமான வகையில் வாங்கி முடித்தவர்கள். இப்போது வீட்டுக்கு வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாதது. ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கக் கூடியது. இருந்தாலும் வெக்கை அதன் ஆயுளைக் குறைக்கும். தகரக் கூரையின் கீழும், மாடிப்படி அடியில் காற்றில்லாத பொந்திலும் மாட்டக் கூடாது. பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சுமத்தியுள்ளன. விற்பவர் பழையதை எடுத்துக்கொண்ட சான்றைக் காட்டினால்தான் சலுகை என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் விதி காகிதத்தில் நிற்காது.

ஒரு எல்லைக்கு மேல் சோலார் போட்டால் பேட்டரி கட்டாயம் என்ற யோசனையை 2025இல் கேரள ஒழுங்குமுறை ஆணையத்தின் வரைவு முன்வைத்தது, எதிர்ப்பு கிளம்பியது. மாலைப் பற்றாக்குறை என்ற அவர்களின் கவலை சரியானது. ஆனால் கட்டாயம் என்ற சொல், பேட்டரியைப் பிடிக்கவைப்பதற்குப் பதில் சோலாரையே வெறுக்கவைத்துவிடும். ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. மூன்றில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் இருக்கும் அந்த நாடு, 2025 ஜூலை முதல் வீட்டு பேட்டரி விலையில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அரசே தள்ளுபடியாகத் தருகிறது. பேனல் பெருகி முடிந்த பிறகு பேட்டரியைத் தேடி ஓடும் செலவு அது. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்று மானியத்தில் மாட்டும் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் நாளை பேட்டரியைச் சேர்க்க இடம் கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம். பின்னால் கழற்றி மாற்றும் செலவு மிச்சம். பேட்டரிக்கும் பேனலுக்கும் ஒரே வரி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை யூனிட்டுக்குத் தனி வரவு வைக்கும் ஆணையைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பிக்கலாம். அதற்குத் தேவை மணி பார்க்கத் தெரிந்த மீட்டர். அது வந்துவிட்டால், எத்தனை யூனிட் பேட்டரி வாங்கலாம் என்பதை வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். பண்டிகைக்கு முதல் நாள், வெயில் ஏறும் நேரத்தில் சோலாரை அணைத்து வையுங்கள் என்று தமிழ்நாட்டு வீடுகளிடம் யாரும் வந்து கெஞ்ச வேண்டியிருக்காது.