உன் முறை, என் முறை

“நான் அடிச்சிட்டு, அவன் அடிக்கிற வரைக்கும் கைகட்டி நிக்கணுமாம். இது சண்டையா அண்ணாச்சி, ரேஷன் கடை க்யூவா?” முறை வைத்து மோதும் வீடியோ கேம் என்றாலே குத்துக்கல்வலசைப் பையன்கள் இப்படித்தான் நக்கலடிக்கிறார்கள்.

தம்பிகளா! 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ், 14-வது ஆட்டம். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தார். அடுத்தது நம்ம குகேஷ் முறை. 18 வயசில் சாம்பியன்! துப்பாக்கியா சுட்டார்?

2025-ல் வந்த ‘எக்ஸ்பெடிஷன் 33’ என்ற பிரெஞ்சு கேம் இன்னும் கில்லாடி. எதிரி முறையிலும் சரியான நொடியில் பட்டனைத் தட்டித் தடுக்கலாம், அசந்தால் உதை. முகம் சுளித்தவர்களும் மயங்கினார்கள். அந்த வருஷ ‘தி கேம் அவார்ட்ஸ்’ முதல் விருதும் அதற்கே.

என் கட்சி இதுதான்: த்ரில் அடிப்பதில் இல்லை, அடித்துவிட்டுக் காத்திருப்பதில்தான். இன்க்ரிமென்ட் கேட்டு மனு கொடுத்துவிட்டு, மேனேஜர் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அவர் முறைப்பதற்காகவும்!